பட்டியலில் மூன்றாமவன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனங்கள் கலைந்த பின்னர், சவுந்தரநாயகம் பங்கு மண்டபத்து மேடையில் முழந்தாளிட்டு ட்ரம் செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பங்கின் காரியாலயத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக உழைத்த மனிதர். செபத்துக்கல்லாமல் வேறெதற்கும் அவர் முழந்தாளிட்டதை எவரும் கண்டதில்லை. ட்ரம் செட் கோயிலின் சொத்து. நத்தார்க் கரோல் கீதங்களுக்கென வாங்கப்பட்டது. பொருட்பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் இலக்கத்தில் அவருடைய சாய்வெழுத்தில் பதியப்பட்டிருந்தது. துருவும் தூசியும் நீங்கியாயிற்று. ஆயினும் அவர் எழும்பவில்லை. சிறிய ட்ரம்மின் தோலில், நடுவிலிருந்து சற்று விலகி, உள்ளங்கையளவு வட்டமொன்று வெள்ளை தேய்ந்து சாம்பலாகிக் கிடந்தது. ஒரே ஒருவனுடைய குச்சிகள் ஒரே இடத்தில் விழுந்து உண்டாக்கிய தேய்வு அது. அதைத் துடைக்க அவருக்குக் கை வரவில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ‘பவர் கட்’ என்னும் புதிய ரொக் இசைக்குழு முதன்முறையாகச் சனங்களுக்கு முன் வாசிக்கவிருந்தது. நாடு முழுவதும் முறைவைத்து மின்சாரத்தை வெட்டிய தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. பயிற்சியின் நடுவே அம்ப்ளிபயர்கள் ஊமையாகிப்போவதும், இளைஞர்கள் இருட்டில் ஏதாவது ஊத்தைக் கதை சொல்லிச் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டபடியால், குழுவுக்குப் பெயர் தேடி அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. குழுவில் மூன்று பேர். துறைமுகத்துக்கு அருகே கப்பல் முகவர் நிலையமொன்றில் வேலைசெய்த கொன்ஸ்ரன்ரைன் கிற்றார் வாசித்துப் பாடினான். புதுக்கடையில் நீதிமன்றங்களுக்கு எதிரே வாப்பாவின் சாப்பாட்டுக்கடையைக் கவனித்த ராசிக் பேஸ் கிற்றார் வாசித்தான். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் லொட்ஜில் தங்கியிருந்த வலன்ரைன் ட்ரம் அடித்தான். ஐந்து வாரங்களுக்கு முன்னர் வலன்ரைனை அந்த லொட்ஜிலிருந்து வான் வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்கள் தாங்களென்று எந்தப் பொலிஸ் நிலையமும் ஒப்புக்கொள்ளவில்லை. கிடைத்த அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று கிடைக்காது, ஆகவே இருவராவது வாசிப்போம் என்று கொன்ஸ்ரன்ரைன் தீர்மானித்தான். ட்ரம் செட் முழுமையாக மேடையின் நடுவில் இருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான். எதற்கென்று அவன் சொல்லவில்லை, எவரும் வினவவுமில்லை.

சித்திரை மாதத்தில் அவர்கள் முதன்முதலாக மண்டபத்தில் பயிற்சி செய்ய வந்தபோது, பக்கத்து அறையில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த சவுந்தரநாயகம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இரண்டாம் சனிக்கிழமை பஞ்சை எடுத்தார். ஐந்தாம் சனிக்கிழமை, அவர்கள் முடிக்கும்வரை தம் தேநீரைப் பிந்திப்போடுவதை அவரே கவனித்து வெட்கமடைந்தார். அவர்களுக்கும் தேநீர் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய் நிற்கத் தொடங்கிய நாட்களில்தான் வலன்ரைனின் ஒரு பழக்கம் அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் அவன் சிறிய ட்ரம்மின் பக்கவாட்டிலிருந்த குட்டிப் பிடியொன்றைப் பெருவிரலால் கீழே தள்ளிவிடுவான். அடுத்த பாட்டுக்கு மேலே தள்ளுவான். பூசை முடிந்ததும் மெழுகுதிரியை அணைப்பவனுடைய கவனம் அதில் இருந்தது. ஒழுங்கை நேசிக்கும் சவுந்தரநாயகம் காரணம் கேட்டார். வலன்ரைன் ட்ரம்மைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினான். கீழ்த்தோலின் குறுக்கே மெல்லிய சுருள்கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. பிடி மேலே இருந்தால் கம்பிகள் தோலைத் தொடும்; கீழே இருந்தால் விலகிவிடும்.

“தொட்டுக்கொண்டு கிடந்தா, ஆர் என்ன வாசிச்சாலும் இதுகும் கூடக் கதைக்கும், ஐயா,” என்றான். “நான் எழும்பிப் போனாலும் கதைச்சுக்கொண்டுதான் இருக்கும். அதாலைதான் வாயைப் பொத்திப்போட்டுப் போறனான்.”

அனுமதிக்கான பட்டியலைத் தட்டச்சுச் செய்தவர் சவுந்தரநாயகமே. அவசரகாலச் சட்டத்தின் கீழ், மண்டபத்தில் நிகழ்ச்சி வைப்பதற்கு வாசிப்பவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பொலிசாருக்கு அனுப்பப்பட வேண்டும். கேட்கப்பட்டவை அவ்விரண்டு மட்டுமே. ஆயின், பங்குக் காரியாலயத்திலிருந்து வெளியேறும் எந்தக் கடிதத்திலும் ஒருவனுடைய பெயருக்கு நேரே அவன் சேர்ந்த கோயில் வட்டாரமாகிய பங்கு எழுதப்படாமல் போனதில்லை. விவாக அறிவித்தலாயினும், நற்சான்றுக் கடிதமாயினும், மரணச் சான்றாயினும், இன்னார் இன்ன பங்கைச் சேர்ந்தவர் என்று காட்டாத பெயர் அவருக்கு அரைப் பெயராகவே தோன்றும். அன்றியும், கட்டம் எதையும் வெறுமையாக விடுவது அவருடைய தொழில் தருமத்துக்கு விரோதமானது; நிரப்ப எதுவும் இல்லாவிடில், பின்னர் எவனும் எதையும் நுழைத்துவிடாதபடி கட்டத்தின் குறுக்கே கோடு கிழித்துவிடுவார். ஆகவே அந்தப் பட்டியலிலும் மூன்றாவது நிரலாகப் ‘பங்கு’ என்று தலைப்பிட்டார். கொன்ஸ்ரன்ரைனுக்கு நேரே சொந்தப் பங்கைத் தட்டினார். ராசிக்குக்கு நேரே கோடு கிழித்தார்.

“என்ன அங்கிள், எனக்கு மட்டும் கோடா?” என்று ராசிக் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “நம்மளுக்கு இங்க பங்கே இல்லையா?”

மூவரும் சிரித்தார்கள். சவுந்தரநாயகமும் சிரித்தார். பிறகு வலன்ரைனிடம் கேட்டார். அவனுடைய அடையாள அட்டையில் மன்னார் என்றிருந்தது. பிறந்ததும் படித்ததும் அங்கேதான். எனினும் அட்டைப்படி எழுதிவிட்டுத் திருப்தியடையும் எழுதுவினைஞர் அல்லர் அவர். வீட்டார் இப்போது எந்தப் பங்கில் இருக்கிறார்கள் என்று வினவினார். வலன்ரைன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். தொண்ணூறில் இடம்பெயர்ந்ததாகவும், தாயும் தகப்பனும் முல்லைத்தீவில் இருப்பதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னான். இதையும் போடவேண்டுமோ என்று கேட்டான்.

“கட்டம் வெறுமையாக் கிடக்கக்கூடாது, தம்பி,” என்றார் சவுந்தரநாயகம்.

பட்டியலை அவரே நிலையத்துக்குக் கொண்டுபோனார். காபன் பிரதியில் திகதியுடன் முத்திரை குத்திக் கையொப்பமிட்டுத் தரும்வரை அங்கிருந்து அசையவில்லை. கடமையிலிருந்த அலுவலர் சலித்துக்கொண்டார். இந்த மனிதர் வாங்கில் அமர்ந்து முக்கால் மணித்தியாலம் காத்திருந்தார். முத்திரையில்லாத பிரதி அவருடைய கோவைக்குள் ஒருநாளும் ஏறியதில்லை. இரண்டு கிழமையின் பின் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த செய்தி வந்தது. அதன்பின் கொழும்பில் அந்த ஊரின் பெயரை உச்சரிப்பவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஐந்தாம் நாள் அதிகாலையில் லொட்ஜுக்கு ஆட்கள் வந்தார்கள்.

வலன்ரைனைக் கொண்டுபோன செய்தி கேட்ட அன்று அவர் காபன் பிரதியைக் கோவையிலிருந்து கழற்றினார். குசினி அடுப்புவரை கொண்டுபோனார். எரிக்கவில்லை. காரியாலயக் கடதாசியொன்றை அவர் தம் வாழ்நாளில் அழித்ததில்லை. கை அந்த வேலைக்குப் பழகியிருக்கவில்லை. திருப்பிக் கோவைக்குள் வைக்கவும் இயலவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில், பேனைகளுக்குப் பின்னால் செருகினார். அன்று தொடக்கம் சட்டை மாறும்போதெல்லாம் கடதாசியும் மாறியது. வியர்வையில் ஊறி அது துணிபோல மென்மையாகிவிட்டது. இரவில் கதிரையில் தொங்கும் சட்டையை அவர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

இரண்டரை மணியளவில் மண்டபம் நிறையத் தொடங்கியது. எண்பது கதிரைகள்தாம், அவற்றிலும் பின்வரிசை பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. ஒருகொடவத்தைக் களஞ்சியங்களில் வேலைசெய்யும் கொன்ஸ்ரன்ரைனின் நண்பர்கள் கறுப்புச் சட்டையணிந்து கூட்டமாக வந்தார்கள். பாடகர்குழுப் பெண்கள் முன்னால் அமர்ந்து ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். வாசலில் இரண்டு கொன்ஸ்ரபிள்கள் பைகளைத் திறந்து பார்த்தபின் உள்ளே வந்தார்கள். மூத்தவருடைய கையில் ஒரு கடதாசி இருந்தது. சவுந்தரநாயகத்துக்கு அதை வாசிக்க வேண்டியிருக்கவில்லை. தாம் விட்ட ஓரத்தையும், தம் தட்டச்சில் சற்று மேலேறி விழும் எழுத்தையும் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டார். கொன்ஸ்ரபிள் முதற்பெயரை வாசித்தார். கொன்ஸ்ரன்ரைன் கையை உயர்த்தினான். இரண்டாம் பெயரை வாசித்தார். ராசிக் தலையை அசைத்தான். பிறகு அவர் மேடையிலிருந்த ட்ரம் செட்டையும் அதன் பின்னாலிருந்த வெற்று முக்காலியையும் பார்த்தார்.

“அங்கள், துன்வெனியா கோ?”

மூன்றாமவன் எங்கே என்று கேட்டவரின் முகத்தில் வஞ்சகம் ஏதும் தென்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கடமையில் அகப்பட்டுக்கொண்ட, தூக்கக் கலக்கமான, நல்ல முகம். உண்மையாகவே அவருக்குத் தெரியாது. அந்த அறியாமைதான் சவுந்தரநாயகத்தின் முதுகில் குளிரை ஏற்றியது.

“எயா ஆவே நே,” என்றார். அவன் வரவில்லை.

கொன்ஸ்ரபிள் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, மூன்றாம் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்தார்.

இவையெல்லாவற்றையும் மூன்றாம் வரிசையில் தனியே அமர்ந்திருந்த பெண்ணொருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சேலை. மடியில் ஒரு பிளாஸ்ரிக் கோவை. வலன்ரைனின் அக்கா நேசம் அவள். மன்னாரில் மணமுடித்து அங்கேயே தங்கிவிட்டவள். பிரயாண அனுமதியான பாஸ் எடுத்து, மதவாச்சிச் சோதனைச்சாவடியில் இரண்டு நாள் மறிபட்டு, தம்பியைத் தேடிக் கொழும்புக்கு வந்திருந்தாள். வெள்ளவத்தையில் அவன் இருந்த அதே அறையில்தான் தங்கியிருக்கிறாள் என்று ராசிக் சொல்லியிருந்தான். கொன்ஸ்ரபிள்கள் பின்வரிசைக்குப் போனதும் அவள் எழும்பிச் சவுந்தரநாயகத்தினருகே வந்தாள். தம்பிக்குத் தேநீர் கொடுத்த ஐயா இவர்தானா என்று கேட்டாள். அவன் கடிதத்தில் எழுதியிருந்தானாம்.

அவர் தலையை அசைத்தார்.

“அந்தப் பொலிஸ்காரர் வைச்சிருக்கிற கடதாசியிலை என்ரை தம்பியின்ரை பேர் கிடக்கோ, ஐயா?”

“ஓம், பிள்ளை. பெமிசனுக்குக் குடுத்த லிஸ்ற்.”

நேசம் கோவையைத் திறக்காமலே, அதன்மீது கையை வைத்துக்கொண்டு தன் நிலைமையைச் சொன்னாள். ராசிக் அவளைத் தன் கடையில் மதியம் சாப்பிடும் சட்டத்தரணியொருவரிடம் அழைத்துப் போயிருக்கிறான். ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆயின் வலன்ரைன் என்ற பெயரையே தாங்கள் கேள்விப்பட்டதில்லை என்று நிலையங்கள் எழுத்தில் கொடுத்திருக்கின்றன. அப்பெயர் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது என்று காட்ட ஒரே ஒரு கடதாசி, முத்திரை குத்திய ஒன்று இருந்தால், நீதிபதியிடம் வாய் திறக்கலாமாம். வெள்ளிக்கிழமை தவணை. அதற்கடுத்த செவ்வாய் அவளுடைய பாஸ் முடிகிறது.

“இன்னொண்டும் இருக்கு, ஐயா,” என்றாள். அவள் குரல் மேலும் இறங்கியது. “லொட்ஜிலை எல்லாருக்கும் மன்னார் எண்டுதான் சொல்லியிருக்கிறான். அடையாள அட்டையிலையும் மன்னார்தான். வந்தவை, முல்லைத்தீவு வலன்ரைன் எவன் எண்டு கேட்டிருக்கினம். அதை ஆர் இவைக்குச் சொன்னது? நான் படுக்கேக்குள்ளையும் அதைத்தான் யோசிக்கிறன்.”

சவுந்தரநாயகம் தம் சட்டைப்பையை நோக்கிப் போன கையை, கழுத்தில் வியர்வை துடைப்பதுபோல் திருப்பிக்கொண்டார். கடதாசியை நீட்டினால் அவள் முதலில் முத்திரையைப் பார்ப்பாள். பிறகு பெயரைத் தேடுவாள். பெயருக்கு நேரே மூன்றாம் நிரலில், எவரும் கேட்காத ஒரு விவரத்தைக் காண்பாள். அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில், பாடசாலைப் பிள்ளையும் வாசிக்கக்கூடிய தெளிவில், அவருடைய முழுப்பெயரைக் காண்பாள். கோவையில் தேடிப் பார்ப்பதாக அவர் சொன்னார். தேடித்தரும்படி அவள் கேட்டுக்கொண்டாள். சந்தேகமின்றி அவரை நம்பிய அந்தக் கண்களைப் பார்க்கச் சகியாமல், ஒலிவாங்கியின் வயரைச் சரிசெய்யப் போவதாகச் சொல்லி அவர் விலகினார்.

சரியாக மூன்று மணிக்குக் கொன்ஸ்ரன்ரைன் ஒலிவாங்கியின் முன் வந்தான். ஐந்து மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் முடித்துவிடுவோம், முடிக்காவிட்டாலும் குழுவின் பெயரைச் சொல்லித் தப்பிவிடலாம் என்றான். சனங்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாட்டு இரண்டைக் கிற்றார்களால் மட்டும் வாசித்தார்கள். தாளம் இருக்கவேண்டிய இடங்களில் கொன்ஸ்ரன்ரைன் காலால் பலகையைத் தட்டினான். மோசம் என்று சொல்ல இயலாது. ஆயினும், ஒரு பக்கத்துச் சில்லுக் கழன்ற வண்டியைப் பழக்கத்தினால் ஓட்டிச்செல்வது போல இருந்தது. கைதட்டல் கனிவாக விழுந்தது. செத்தவீட்டில் தேநீர் பரிமாறுகையில் காட்டும் கனிவு அது.

மூன்றாவது, அவர்களுடைய சொந்தப் பாட்டு. தமிழில் அமைந்தது. இருட்டில், கரண்டுக்காகக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, மூவரும் சேர்ந்து கட்டியது. அது ராசிக்கின் பேஸ் கிற்றாரில் தனியாகத் தொடங்கும். நான்கு சுற்றுக்குப் பிறகு ட்ரம் உள்ளே வரும். சவுந்தரநாயகம் அதைச் சுவருக்கப்பாலிருந்து நூறு தடவை கேட்டிருந்தார். ராசிக் தடித்த நரம்பைச் சுண்டினான். கனத்த சுரம் மேடைப் பலகைகளூடாக இறங்கிக் கதிரைக் கால்களில் ஏறியது. அதனுடன் கூடவே, மேடையின் நடுவில், தொடுவாரின்றி, சிறிய ட்ரம் கரகரத்தது.

மண்டபத்தில் தலைகள் திரும்பின. ராசிக் அடுத்த சுரத்தை வாசித்தான். ட்ரம் பதில் சொன்னது. உலர்ந்த தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருவன் பேச எத்தனிப்பது போலிருந்தது. முன்வரிசைப் பெண்ணொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். சவுந்தரநாயகத்துக்குக் காரணம் தெரியும். வலன்ரைன் கடைசியாகப் போனபோது பிடியைக் கீழே தள்ளிவிட்டுத்தான் போயிருப்பான். காலையில் துருவைத் துடைத்த தம் துணிதான் அதை மேலே ஏற்றியிருக்க வேண்டும். அந்தக் கையே, துடைக்கத் தேவையில்லாத இடத்தையும் விடாமல் துடைக்கும் அந்தக் கையே. காரணம் தெரிந்தும் அவருக்கு மயிர் கூச்செறிந்தது. மூன்றாம் வரிசையில் நேசம் எழும்பி நின்றுவிட்டாள். முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சுற்றில் ராசிக் உள்ளங்கையால் நரம்புகளை அடக்கினான். ட்ரம்மும் அடங்கியது.

“அங்கிள்,” என்று அவன் ஒலிவாங்கி இல்லாமலே சொன்னான். ஆயினும் எல்லோருக்கும் கேட்டது. “அத நிப்பாட்டுங்க. எனக்கு வாசிக்க ஏலாம இருக்கு.”

“விடு மச்சான்,” என்றான் கொன்ஸ்ரன்ரைன் திரும்பாமலே. “கதைக்கட்டும்.”

சவுந்தரநாயகம் மேடையேறினார். அது கோயிலின் சொத்து. அதற்குப் பொறுப்பாளி அவர். அவர் ஏறியதில் எவரும் வியப்படையவில்லை. முக்காலியில் அமராமல், அதனருகே குனிந்து, பெருவிரலைப் பிடியின் மேல் வைத்தார். ஒரு சிறு அழுத்தம் போதும். கம்பிகள் விலகிவிடும். இருவரும் பாட்டைப் பாடி முடிப்பார்கள், சனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அவர் செட்டுக்குச் சாக்கைப் போர்த்துப் பூட்டுவார். வெள்ளிக்கிழமை வரும். செவ்வாய்க்கிழமை வரும். கோவையில் தேடினேன், கிடைக்கவில்லை என்று அவளுக்குச் சொல்வார். சாக்கு மூடிய அந்தப் பொருள் பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் இலக்கமாக, ஒரு குறையுமில்லாமல் இருக்கும்.

பெருவிரலுக்குக் கீழே உலோகம் குளிர்ந்திருந்தது. அவனுடைய விரல் படிந்து படிந்து அந்த இடம் மட்டும் மினுங்கியது.

அவர் விரலை எடுத்தார். பேனைகளுக்குப் பின்னால் கையை விட்டார். நாலாக மடிந்த கடதாசியை வெளியே எடுத்து, ட்ரம்மின் தோலில், அந்தச் சாம்பல் வட்டத்தின் நடுவில் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“வாசி, தம்பி,” என்றார்.

ராசிக் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். பிறகு நரம்பின் மேலிருந்த கையை எடுத்தான்.

கனத்த சுரம் மீண்டும் எழுந்தது. கம்பிகள் கரகரத்தன. கடதாசி முதலில் சற்றே சிலிர்த்தது. ஐந்து வாரம் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த மடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, ஊதா முத்திரையின் பாதி வட்டத்தை வெளிச்சத்துக்கு விட்டது. சுரத்துக்குச் சுரம் ஒரு நெல்மணியளவு நகர்ந்து, அது தேய்ந்த வட்டத்தைத் தாண்டி ஓரத்தை நோக்கிப் போயிற்று. பின்வரிசையில் மூத்த கொன்ஸ்ரபிள் மடியிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பினார். நேசம் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையின் முதற்படியில் கால் வைத்தாள். கடதாசியின் ஒரு மூலை இரும்பு வளையத்துக்கு வெளியே வந்து, விழாமல், நடுங்கிக்கொண்டிருந்தது.